போர் நடுவுல ஒரு லீக் டைட்டில்: ஷாக்தாரோட 2022-23 சீசன், வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல உக்ரைன் ஃபுட்பால் கிளப் ஷாக்தார் டொனெட்ஸ்க் பத்தி எழுதுறப்ப, 2009ல அவங்க ஜெயிச்ச யுஇஎஃப்ஏ கப்பை விட 2022-23ல ஜெயிச்ச உக்ரைன் லீக் டைட்டில்தான் பெருசுன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்வி வந்திருக்கு, சிலது கோவமா, சிலது நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: சார், 2009ல கிடைச்சது ஐரோப்பிய கோப்பை, 2022-23ல கிடைச்சது உள்ளூர் லீக். ரெண்டையும் பக்கத்துல வைக்கிறதே தப்பு, இதுல உள்ளூர் லீக்தான் பெருசுன்னு வேற சொல்றீங்க, கொஞ்சம் ஓவரா இல்லையா?

பதில்: இல்லைங்க, யோசிச்சுத்தான் எழுதுனேன், இப்பவும் அதையேதான் சொல்றேன். 2009ஐ நான் குறைச்சு பேசவே மாட்டேன், இஸ்தான்புல்ல மே 20ம் தேதி வெர்டர் பிரெமனை எக்ஸ்ட்ரா டைம்ல 2-1னு ஜெயிச்ச மேட்ச் அது, லூயிஸ் அட்ரியானோ முதல் கோல், நால்டோ சமன் பண்ணாரு, 97வது நிமிஷத்துல ஜாட்சன் முடிச்சு வெச்சாரு. அதுக்கு முன்னாடி செமிஃபைனல்ல சொந்த நாட்டு பரம எதிரி டைனமோ கீவையே வீழ்த்திட்டு வந்தாங்க, அதை ஷாக்தார் ரசிகர்கள் கோப்பைக்கு சமமா கொண்டாடுவாங்க. ஆனா அந்த டீமை பாருங்க. கோச் மிர்சியா லூசெஸ்கு 2004ல இருந்து பொறுமையா கட்டுன டீம், ஃபைனல்ல ஆரம்ப பதினொண்ணுல அஞ்சு பேரு பிரேசில்காரங்க, ஃபெர்னாண்டினோ, வில்லியன், இல்சின்யோ எல்லாம் அதுல இருந்தாங்க, பின்னாடி கிளப் முதலாளி ரினாத் அக்மெதோவோட பணம், ஊர்ல 50 ஆயிரம் பேருக்கு மேல உக்கார்ற டொன்பாஸ் அரீனா அதே ஆகஸ்ட்ல திறக்க ரெடியா நின்னுச்சு. ஒரு கிளப்புக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் இருந்துச்சு, அதை வெச்சு அருமையா ஜெயிச்சாங்க.

2022 ஆகஸ்ட்ல என்ன இருந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. ஊர் எட்டு வருஷமா கையில இல்ல, பிரேசில்காரங்கள்ல பெரும்பாலானவங்க போயாச்சு, கோச் ராபர்ட்டோ டி செர்பியும் போயாச்சு, நாட்டுக்கு மேல விமானமே பறக்க முடியாது, ஸ்டேடியத்துக்கு உள்ள ரசிகர் யாரும் வர முடியாது, மேட்ச் நடுவுல எப்ப வேணா சைரன் அடிக்கும், அடிச்சா பங்கருக்கு ஓடணும். அப்படி முப்பது மேட்ச் ஆடி முதல் இடத்துக்கு வர்றதுங்குறது ஒரு ராத்திரி ஃபைனல் மாதிரி இல்ல. ஃபைனல்ல ஒரு நல்ல ஷாட் போதும், இதுக்கு ஒன்பது மாசம் ஒவ்வொரு வாரமும் எந்திரிச்சு நிக்கணும். வீட்டுல அம்மா அப்பா எந்த ஊர்ல எந்த நிலைமைல இருக்காங்கன்னு தெரியாம எந்திரிச்சு நிக்கணும். அதனாலதான் சொன்னேன்.

கேள்வி: டொனெட்ஸ்க்ல ஆடாத டீமுக்கு டொனெட்ஸ்க்னு பேரு ஏன்? அவங்க ஹோம் கிரவுண்டு எது?

பதில்: பேரை விட்டுக் குடுக்க அவங்க தயாரா இல்ல, எனக்கும் அதுதான் சரின்னு படுது. டொன்பாஸ் அரீனாவுல கடைசியா ஆடுனது 2014 மே மாசம், அதுக்கப்புறம் அந்த பக்கம் சண்டை ஆரம்பிச்சிருச்சு, அதே வருஷம் குண்டு விழுந்து ஸ்டேடியத்துக்கும் சேதம், பிறகு கொஞ்ச காலம் நிவாரணப் பொருள் வெச்சு குடுக்குற இடமா இருந்துச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அதே மைதானத்துல யூரோ 2012 செமிஃபைனல்ல ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஆடிட்டு போயிருந்தாங்க. கிளப் முதல்ல லிவிவ் போச்சு, நாட்டோட இன்னொரு மூலை அது, அப்புறம் 2017ல கார்கிவ், அப்புறம் 2020ல கீவ். 2022-23ல லீக் மேட்ச் எல்லாம் பெரும்பாலும் லிவிவ் பக்கம், ஐரோப்பிய மேட்ச்சுக்கு போலந்துல வார்சா, லெகியா கிளப்போட ஸ்டேடியம். அதாவது சொந்த ஊர் ரசிகன் எட்டு வருஷமா தன் டீமை தன் ஊர்ல பாக்கல, அந்த எட்டு வருஷத்துலயே அவங்க நாலு டைட்டில் வேற ஜெயிச்சுட்டாங்க, 2017ல இருந்து 2020 வரைக்கும் வரிசையா.

கேள்வி: பிரேசில் பிளேயர்ஸ் எல்லாம் ஓடிப் போனது துரோகம் இல்லையா? அவங்களை வளர்த்து விட்டது இந்த கிளப்தானே?

பதில்: துரோகம்ங்குற வார்த்தையை நான் ஒத்துக்க மாட்டேன். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24 காலையில கீவ்ல ஒரு ஹோட்டல்ல மனைவி குழந்தைங்களோட மாட்டிக்கிட்டு, எங்களை எப்படியாவது வெளிய கூட்டிட்டு போங்கன்னு வீடியோ போட்டவங்க அவங்க. இருபத்து ரெண்டு இருபத்து மூணு வயசு பசங்க, கைக்குழந்தையோட. யாரா இருந்தாலும் கிளம்பத்தான் செய்வாங்க, அதுல நியாயம் பேச எதுவும் இல்ல.

என் கோவம் வேற இடத்துல. போர் ஆரம்பிச்சதும் ஃபிஃபா ஒரு தற்காலிக விதி கொண்டு வந்துச்சு, உக்ரைன் கிளப்ல இருக்குற வெளிநாட்டு பிளேயரும் கோச்சும் ஒப்பந்தத்தை நிறுத்தி வெச்சுட்டு வேற கிளப்புக்கு போகலாம்னு. முதல்ல 2022 ஜூன் 30 வரைக்கும், அப்புறம் அதை இன்னொரு வருஷம் நீட்டிச்சாங்க. பிளேயருக்கு அது தேவையான பாதுகாப்புதான். ஆனா கிளப்புக்கு? மேனர் சாலமன் ஃபுல்ஹாம் போனாரு, டெட்டே லியான் போனாரு, ஷாக்தாருக்கு ஒரு பைசா கைக்கு வரல. டோடோவை ஃபியோரென்டினாவுக்கும், மார்கோஸ் அன்டோனியோவை லாட்சியோவுக்கும், நெரெஸை பென்ஃபிகாவுக்கும் விக்க முடிஞ்சது, அதுவும் வாங்குறவனுக்கு இவங்க நிலைமை தெரியும்ல, எப்படி பேரம் நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பிளேயரை வளர்த்து விக்கிறதுதான் இந்த கிளப்போட வருமானமே, அதுவே அடைபட்டு போச்சு. பல கோடி யூரோ நஷ்டஈடு கேட்டு விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனாங்க, 2023 ஜனவரில அங்க தோத்துட்டாங்க. சட்டப்படி ஃபிஃபாவுக்கு அந்த அதிகாரம் இருந்திருக்கலாம், ஆனா போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கிற கிளப்போட தலைல அந்த மொத்த சுமையையும் வெச்சதை நியாயம்னு என்னால சொல்ல முடியல, கொஞ்சமாவது நிதி ஒதுக்கியிருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாரும் வெளிய போன அதே கோடைல உள்ள வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்காரு, கோச் இகோர் யோவிசெவிச். குரோஷியாக்காரர், முன்னாடி லிவிவ்ல கார்பாட்டி கிளப்ல பிளேயராவும் கோச்சாவும் இருந்தவரு, உக்ரைன் மொழி பேசுவாரு, டினிப்ரோ-1 கிளப்பை நல்லா நடத்திட்டு இருந்தாரு. போர் நடக்குற நாட்டுல வேலைக்கு வான்னு கூப்பிட்டதும் வந்தாரு பாருங்க, அவரைப் பத்தி யாரும் அதிகமா எழுதறதே இல்ல.

கேள்வி: சைரன் அடிச்சா மேட்ச் என்ன ஆகும்? ரத்து பண்ணிடுவாங்களா?

பதில்: நிறுத்திடுவாங்க, ரத்து இல்ல. ரெஃப்ரி விசில் அடிச்சதும் ரெண்டு டீமும், ஸ்டாஃபும், டிவிக்காரங்களும் ஷெல்டருக்கு போயிரணும், ஆபத்து நீங்குன சிக்னல் வந்ததும் திரும்ப வந்து கொஞ்சம் வார்ம்அப் பண்ணிட்டு நின்ன நிமிஷத்துல இருந்து ஆடணும். ஸ்டேடியம் பக்கத்துல ஷெல்டர் இருந்தாத்தான் அங்க மேட்ச்சே நடத்த விடுவாங்க, அதனால மேட்ச் எல்லாம் லிவிவ், உஷ்ஹோரோட், கீவ்னு பாதுகாப்பு கொஞ்சம் அதிகமா இருக்குற பக்கமாவே நடந்துச்சு.

சீசன் ஆரம்பிச்சது 2022 ஆகஸ்ட் 23, கீவ் ஒலிம்பிக் ஸ்டேடியத்துல ஷாக்தாரும் மெட்டலிஸ்ட் 1925ம் ஆடி 0-0. காலி ஸ்டேடியம். அடுத்த நாள் சுதந்திர தினம் வேற, எல்லாரும் பயந்துட்டே இருந்தாங்க, அன்னிக்கு லிவிவ்ல ருக் கிளப்புக்கும் கார்கிவ் மெட்டலிஸ்ட்டுக்கும் நடந்த மேட்ச் திரும்பத் திரும்ப சைரன் அடிச்சு 4 மணி 27 நிமிஷம் இழுத்துச்சு. நினைச்சுப் பாருங்க, உடம்பு சூடாகி ஓடிட்டு இருக்கும்போது போய் பேஸ்மென்ட்ல உக்காந்து ஒரு மணி நேரம் போனையே பாத்துட்டு, எங்க விழுந்துச்சு நம்ம ஊரா பக்கத்து ஊரான்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் மேல வந்து கார்னர் எடுக்கணும். தசை பிடிப்பு வராம இருக்குறதே பெரிய விஷயம், மனசு எப்படி மேட்ச்ல நிக்கும்?

குளிர்காலத்துல மின்நிலையங்களை குறி வெச்சு அடிக்க ஆரம்பிச்சதும் கரண்ட் கட், அதனால பகல் வெளிச்சத்துலயே மேட்ச். இது எதுவும் கோல் கணக்குல தெரியாது, பாயிண்ட் டேபிள்ல மூணு பாயிண்ட்னு மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக்ல அந்த வருஷம் என்ன பண்ணாங்க? ரியல் மாட்ரிட் மேட்ச் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

பதில்: எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் இருக்கும், ஆனா முதல்ல லெய்ப்சிக் மேட்ச்ல இருந்து வரணும். குரூப்ல ரியல் மாட்ரிட், லெய்ப்சிக், செல்டிக். எங்க பாத்தாலும் ஷாக்தாருக்கு நாலாவது இடம்னுதான் கணிப்பு. செப்டம்பர் 6, லெய்ப்சிக் ஊர்ல, உக்ரைன் லீக் திரும்ப ஆரம்பிச்சு சரியா ரெண்டு வாரம், எதிர்ல ஜெர்மன் கப் ஜெயிச்ச டீம். 4-1. மரியான் ஷ்வெட் ரெண்டு, அப்புறம் முட்ரிக், கடைசில லசினா திராவோரே. லெய்ப்சிக் 1-1னு சமன் பண்ண அடுத்த நிமிஷமே ஷ்வெட் ரெண்டாவதை போட்டாரு, அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு இந்த சீசனோட குணமே தெரிஞ்ச இடம். மறுநாள் லெய்ப்சிக் கோச் டெடெஸ்கோவை வேலையை விட்டே தூக்கிட்டாங்க.

அடுத்து வார்சாவுல செல்டிக் கூட 1-1. இந்த வார்சா மேட்ச் பத்தி தனியா சொல்லணும், லீக்ல காலி ஸ்டேடியத்துல ஆடிட்டு வர்ற பசங்களுக்கு இங்கதான் கூட்டம், போலந்துல அகதியா வந்து தங்கியிருக்குற உக்ரைன் குடும்பங்கள் பெருசா வந்துச்சு, அம்மாக்களும் குழந்தைங்களும் தோள்ல கொடியை போத்திட்டு. சொந்த நாட்டுல ஆளில்லாம ஆடுற டீமுக்கு வெளிநாட்டுல தன் மக்கள் கிடைக்கிறாங்க, இந்த மாதிரி ஒரு ஹோம் மேட்ச் நான் வேற எந்த கிளப்புக்கும் பாத்ததில்ல.

மாட்ரிட்ல 2-1 தோல்வி, ரோட்ரிகோ, வினீசியஸ் அடிச்சாங்க, ஜுப்கோவ் ஒண்ணு திருப்பி குடுத்தாரு. நீங்க கேக்குற மேட்ச் அக்டோபர் 11, வார்சா. அதுக்கு முந்தின நாள்தான் கீவ் உட்பட நாடு முழுக்க ஏவுகணை விழுந்துச்சு, அந்த மனநிலைல களத்துக்கு வந்தாங்க. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதுமே ஜுப்கோவ் ஹெட்டர்ல கோல். நடப்பு சாம்பியனை, பென்சிமா இருக்குற டீமை, கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் 1-0ன்னு பிடிச்சு வெச்சிருந்தாங்க. 95வது நிமிஷம் ரூடிகர் ஹெட்டர், அதே வேகத்துல கோல்கீப்பர் ட்ருபின் கூட மோதி ரெண்டு பேருமே கீழ, ரூடிகர் முகமெல்லாம் ரத்தம். 1-1. அந்த ஒரு பாயிண்ட்டை வெச்சு ரியல் அடுத்த ரவுண்டுக்கு போச்சு. நியாயமா பாத்தா அந்த ரெண்டு பாயிண்ட் ஷாக்தாருக்கு சேர வேண்டியதுன்னுதான் இன்னிக்கும் எனக்கு தோணுது, ரூடிகரோட தைரியத்தையும் மறுக்க முடியாது.

கிளாஸ்கோவுல செல்டிக் கூட மறுபடி 1-1, முட்ரிக்கோட கோல். அந்த ரெண்டு செல்டிக் மேட்ச்சுல ஒண்ணை ஜெயிச்சிருந்தா கதை மாறியிருக்கும். கடைசி மேட்ச் லெய்ப்சிக் வார்சாவுக்கு வர்றாங்க, ஜெயிச்சா ஷாக்தார் அடுத்த ரவுண்டு, ஆனா லெய்ப்சிக் இப்ப மார்கோ ரோஸ் கைல வேற டீமா மாறியிருந்துச்சு, 0-4. மொத்தம் 6 பாயிண்ட், மூணாவது இடம், யூரோப்பா லீக்.

கேள்வி: யூரோப்பா லீக்ல ஃபெயனூர்ட் கிட்ட 7-1 வாங்குனதை மட்டும் போன இதழ்ல சொல்லாம விட்டுட்டீங்களே? அதையும் சொல்லுங்க பாப்போம்.

பதில்: சொல்றேன், மறைக்க எதுவும் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ரென் கிளப்பை எப்படி தாண்டுனாங்கன்னும் சேர்த்தே சொல்லணும். பிப்ரவரி 16, வார்சாவுல 2-1 ஜெயிச்சாங்க. 23ம் தேதி பிரான்ஸ்ல ரெண்டாவது மேட்ச், விடிஞ்சா போர் ஆரம்பிச்சு ஒரு வருஷம். தொண்ணூறு நிமிஷத்துல ரென் 1-0, எக்ஸ்ட்ரா டைம், ரென் இன்னொண்ணு போட்டு 2-0, அவ்வளவுதான் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ண நேரம், 119வது நிமிஷம் ரென் டிஃபென்டர் கால்ல பட்டு சொந்த வலைக்குள்ளயே பந்து போச்சு. 3-3 மொத்தம், பெனால்டி ஷூட்அவுட். ட்ருபின் தடுத்த தடுப்புல 5-4ன்னு ஷாக்தார் உள்ள. இவ்வளவுக்கும் குளிர்கால பிரேக் முடிஞ்சு உக்ரைன் லீக் அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, பிரான்ஸ்காரங்க வாரா வாரம் ஆடிட்டு இருந்தாங்க, இவங்க வெறும் பயிற்சி மேட்ச் ஆடிட்டு நேரா வந்தாங்க.

அப்புறம் ஃபெயனூர்ட். வார்சாவுல 1-1, ரக்கிட்ஸ்கி கோல் அடிச்சும் கடைசில சமன் பண்ணிட்டாங்க. ராட்டர்டாம்ல 7-1. ஒன்பதாவது நிமிஷமே முதல் கோல் வாங்கி அப்படியே சரிஞ்சுட்டாங்க, நம்பிக்கையா சொல்ற மாதிரி எதுவுமே இல்ல, டிஃபென்ஸ் லைன் மேல ஏறி நின்னுச்சு, மிட்ஃபீல்டு பின்னாடி வரல, நடுவுல கிடைச்ச இடத்துல அவங்க இஷ்டத்துக்கு ஆடுனாங்க. அர்னே ஸ்லாட்டோட ஃபெயனூர்ட் அந்த வருஷம் நெதர்லாந்து லீக்கையே ஜெயிச்ச டீம், நல்ல டீம்தான், ஆனாலும் ஏழு ஏழுதான். போர் நடக்குதுன்னு சொல்லி அந்த மேட்ச்சை மன்னிச்சு விடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அந்த பிளேயர்ஸே அதை கேட்டிருக்க மாட்டாங்க. முட்ரிக் ஜனவரில செல்சிக்கு போனதுக்கு அப்புறம் கவுன்டர் அட்டாக்ல பயமுறுத்த ஆளில்ல, எதிர் டீம் டிஃபென்ஸ் தைரியமா முன்னாடி வந்துச்சு, யோவிசெவிச் அதுக்கு மாத்து வழி கண்டுபிடிக்கல, அதுதான் என் கணிப்பு. ஆனா ஒண்ணு, அந்த ஏழு கோலை வாங்கிட்டு பஸ் ஏறி போர் நடக்குற நாட்டுக்குள்ள திரும்ப போயி லீக்கை ஜெயிச்சாங்க இல்லையா, நான் பெருசுன்னு சொல்றது அதைத்தான்.

கேள்வி: உக்ரைன்ல அப்ப 18 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் ஆம்பளைங்க நாட்டை விட்டு போக முடியாம இருந்துச்சுன்னு படிச்சேன். அப்புறம் எப்படி வெளிநாடு போய் ஆடுனாங்க?

பதில்: ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அனுமதி. ஆடிட்டு திரும்பிடணும். விமானம் கிடையாதுங்கறதால எல்லை வரைக்கும் தரை வழியாத்தான், பஸ்ல மணிக்கணக்கா, எல்லைல வரிசை, அப்புறம் போலந்துல இருந்து விமானம். சாம்பியன்ஸ் லீக் மேட்ச்சுக்கு மத்த டீம் ரெண்டு மணி நேரத்துல போய் இறங்கும், இவங்களுக்கு ஒரு முழு நாளும் சில சமயம் அதுக்கு மேலயும் போயிரும், ஆடி முடிச்சு அதே வழில திரும்ப வந்து வார கடைசில லீக் மேட்ச்.

கேள்வி: முட்ரிக்கை 100 மில்லியனுக்கு வித்தாங்களே, போர் நேரத்துல இவ்வளவு பணத்தை கிளப் முதலாளி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரா?

பதில்: கணக்கை முதல்ல சரி பண்ணிக்கலாம். 2023 ஜனவரில செல்சி குடுத்தது 70 மில்லியன் யூரோ உறுதியா, மேல 30 மில்லியன் போனஸ், அது சில நிபந்தனை நிறைவேறினாத்தான். அதுவரைக்கும் ஆர்சனல்தான் வாங்கப் போகுதுன்னு எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க. அந்த டீல் முடிஞ்சதும் அக்மெதோவ் 25 மில்லியன் டாலர், அவங்க பணத்துல 100 கோடி ஹிரிவ்னியா, போர் வீரர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் ஒதுக்குறதா அறிவிச்சாரு, முக்கியமா மரியுபோல்ல நின்னு சண்டை போட்டவங்களுக்கு, காயம்பட்டவங்களோட சிகிச்சை, செயற்கை கை கால், இறந்தவங்க குடும்பத்துக்கு உதவின்னு. அக்மெதோவ் உக்ரைனோட பெரிய பணக்காரர், அவரை விமர்சிக்க பல பேருக்கு பல காரணம் இருக்கு, ஆனா அந்த வீரர்கள் நின்னு சண்டை போட்ட மரியுபோல் எஃகு ஆலையே அவரு கம்பெனியோடதுதான், அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

விளையாட்டா பாத்தா, சாம்பியன்ஸ் லீக்கோட ஆறு குரூப் மேட்ச்ல முட்ரிக் மூணு கோல் அடிச்சாரு. இடது பக்கத்துல பந்து கிடைச்சதும் டிஃபென்டர் பின்னாடி நகர ஆரம்பிச்சிருவான், அந்த பயம் ஒண்ணே டீமுக்கு பாதி வேலை முடிச்ச மாதிரி. பணத்துக்காக வித்தது சரி, அந்த நிலைமைல வேற வழியும் இல்ல, ஆனா சீசன் நடுவுல வித்ததோட விலை என்னன்னு ராட்டர்டாம்ல தெரிஞ்சு போச்சு.

கேள்வி: அந்த டீம்ல யாரை பாத்தீங்க? முட்ரிக் தவிர.

பதில்: மூணு பேரு. ட்ருபின் பிறந்ததே டொனெட்ஸ்க், சீசன் தொடங்குறப்ப 21 வயசுதான், 2023ல பென்ஃபிகா போனாரு. சுடாகோவ், மிட்ஃபீல்டு, லுகான்ஸ்க் பகுதில பிறந்த பையன், பந்தை வாங்கிட்டு தலையைத் தூக்கிப் பாக்குறதுக்கு முன்னாடியே அடுத்த பாஸ் முடிவாயிருக்கும். கேப்டன் ஸ்டெபனென்கோ, அவரும் டொனெட்ஸ்க் பகுதிக்காரர், முப்பதைத் தாண்டிட்டாரு, ஆனா இந்த சின்ன பசங்களுக்கு நடுவுல அவர் ஒருத்தர் நின்னதுதான் டீமை கட்டுன கயிறு. இவங்க ஊர் பேரை எல்லாம் ஒரு தடவை மேப்ல தேடிப் பாருங்க.

பல வருஷமா ஷாக்தார்னா முன்னாடி பிரேசில், பின்னாடி உக்ரைன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. கட்டாயத்தால அது உடைஞ்சு, முன்னாடியும் நம்ம பசங்களே ஆடுற டீம் வந்துச்சு, அகாடமில இருந்து வந்தவங்களும் திருப்பி கூட்டிட்டு வந்தவங்களும். போர் இல்லாம இருந்திருந்தா இதுல சில பேருக்கு பெஞ்ச்தான் கிடைச்சிருக்கும். இதை நல்லதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, நடந்ததை சொல்றேன்.

கேள்வி: டைனமோ கீவ் அந்த வருஷம் எங்க போச்சு?

பதில்: ரொம்ப மோசமான வருஷம். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுல ஃபெனர்பாசேயையும் ஸ்டுர்ம் கிராஸையும் தாண்டுனாங்க, அது வரைக்கும் அருமை, அப்புறம் பென்ஃபிகா கிட்ட ரெண்டு மேட்ச்லயும் சேர்த்து 0-5. யூரோப்பா லீக் குரூப்ல ஒரே ஒரு பாயிண்ட்டோட கடைசி. லீக்ல நாலாவது இடம். கோச் யாருன்னா அதே லூசெஸ்கு, ஷாக்தாரை பெருசாக்குன மனுஷன்.

கேள்வி: டைட்டில் எப்ப உறுதியாச்சு? போட்டி இருந்துச்சா இல்ல சும்மா ஜெயிச்சாங்களா?

பதில்: போட்டி நல்லாவே இருந்துச்சு, டைனமோ கிட்ட இருந்து இல்ல, டினிப்ரோ-1 கிட்ட இருந்து. அதாவது யோவிசெவிச் விட்டுட்டு வந்த அதே கிளப். அங்க அவருக்கு அப்புறம் கோச்சா வந்தது யாரு தெரியுமா, ஒலெக்சாண்டர் குச்சேர், 2009 இஸ்தான்புல் ஃபைனல்ல ஷாக்தார் டிஃபென்ஸ்ல ஆடுனவரு. அதே ஃபைனல்ல கோல்கீப்பரா நின்ன பியாதோவ் அப்பவும் ஷாக்தார் ஸ்குவாட்ல இருந்தாரு, ட்ருபினுக்கு வழிவிட்டு பின்னாடி நின்னாரு.

2023 மே 28, கடைசிக்கு முந்தின ரவுண்டு, ஷாக்தாரும் டினிப்ரோ-1ம் நேருக்கு நேர். 3-0. ஷாக்தாருக்கு 14வது டைட்டில். முந்தின 2021-22 சீசன் போரால பாதில நின்னப்ப ஷாக்தார் 47 பாயிண்ட்டோட முதல் இடத்துல இருந்துச்சு, டைனமோ 45, ஆனா யாருக்கும் டைட்டில் குடுக்காம முடிச்சாங்க, அதனால 2020க்கு அப்புறம் இதுதான் அவங்க கைக்கு வந்த முதல் லீக் டைட்டில். ஆரம்பிக்கும்போதே ரெண்டு கிளப் லீக்ல இல்லைங்கறதையும் சேர்த்துப் பாருங்க, செர்னிஹிவ்ல டெஸ்னா கிளப்போட ஸ்டேடியம் குண்டுல நொறுங்கிப் போச்சு, மரியுபோல் கிளப்புக்கு ஊரே இல்ல. ரெண்டு பேரோட இடத்துலயும் வேற டீமை எடுத்துக்கிட்டு பதினாறு கிளப்போட லீக்கை நடத்தி முடிச்சாங்க.

கேள்வி: லீக் ஜெயிச்சாங்க சரி, உக்ரைன் கப்பும் ஜெயிச்சாங்களா? அடுத்த வருஷம் என்ன ஆச்சு?

பதில்: 2022-23ல கப் போட்டியே நடத்தல. யோவிசெவிச் அந்த கோடைல கிளம்பிட்டாரு. அடுத்த சீசன்ல ஐரோப்பிய மேட்ச் எல்லாம் ஹம்பர்க் நகரத்துக்கு மாறுச்சு, அங்க 2023 நவம்பர் 7ம் தேதி சிகான் ஹெட்டர்ல பார்சிலோனாவை 1-0ன்னு ஜெயிச்சாங்க. 2024 மே மாசம் டைனமோவை 1-0ன்னு அடிச்சு லீக்கை உறுதி பண்ணிட்டு, அதே வாரத்துக்குள்ள ஃபைனல்ல வோர்ஸ்க்லாவை 2-1ன்னு ஜெயிச்சு கப்பையும் எடுத்தாங்க.